ஜெர்மானிஸ்டிக்கா, டாஃபா?

ஜெர்மனியில் ஜெர்மன் படிக்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஜெர்மானிஸ்டிக் மொழி கற்றுத்தரும் படிப்பல்ல, மொழி கைவந்தவர்களுக்கானது. நவீன இலக்கியம், மொழியியல், இடைக்கால இலக்கியம் என மூன்று கிளைகள். பலர் திணறுவது மூன்றாவதில்தான். 1200 வாக்கில் எழுந்த நிபெலுங்கர் காவியத்தின் புகழ்பெற்ற தொடக்கப் பாடலிலேயே 'அரெபைட்' என்ற சொல் வருகிறது. இன்றைய 'ஆர்பைட்' நினைவில் 'வேலை' என்று பெயர்த்தால் பொருள் கெட்டது. அன்று அது பட்ட பாடு, துன்பம். தெரிந்த சொல்தான் காலை வாரும், அதனால் அதற்கும் அகராதியைத் திறக்க வேண்டும். இந்தப் பொறுமை இருந்தால் இதைவிட இனிய படிப்பு இல்லை.

டாஃப், ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிக்கும் துறை. ஒலியியல், பாடத்திட்டம், வகுப்பறைப் பயிற்சி எல்லாம் உண்டு. லைப்சிக்கின் ஹெர்டர் நிறுவனம் இதற்குப் பேர்போனது. 'வைல் இஷ் க்ராங்க் பின்' (எனக்கு உடம்பு சரியில்லாததால்) என்பதில் 'பின்' என்ற வினை கடைசியில் நிற்பது தமிழருக்கு இயல்பு. முதன்மை வாக்கியத்தில் அது இரண்டாம் இடத்துக்கு வரும்போதுதான் சறுக்குகிறது. அந்தச் சறுக்கலின் காரணத்தைத் தேடுவதே இங்கே பாடம். ஆசிரியராக விரும்புகிறவர் தயங்காமல் இதை எடுக்கலாம்.

நுழைவுக்கு இரண்டிலும் பெரும்பாலும் ஜெர்மன் மொழித் தேர்வுகளான டி.எஸ்.எச்.சில் நிலை 2, அல்லது டெஸ்ட்டாஃபின் நான்கு பகுதியிலும் நிலை 4 கேட்பார்கள்.