அம்மாவின் 75-க்கு அம்பை வரை ரயிலில்

அம்மாவுக்கு மார்கழித் திருவோணம். பாஸ்போர்ட்டில் ஓர் ஆங்கிலத் தேதி இருக்கிறது, ஆனால் அதை அவள் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. 75 நிறைகிறது, மெல்போர்னிலிருந்து நாங்கள் நாலு பேரும் வருகிறோம், எங்கே வைத்துக் கொண்டாடலாம் என்று போனில் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அம்பைக்குப் போவோம். எல்லாரும் ஒண்ணா ரயில்ல போவோம்" என்றாள். அம்பை என்றால் அம்பாசமுத்திரம், அம்மாவின் ஊர். தூத்துக்குடி வாகைகுளம் வரை விமானத்தில் போய், அங்கிருந்து கார் எடுத்தால் முழங்காலுக்குச் சிரமம் இருக்காது என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். "பிளேன்ல போனா வழியில ஒரு ஊரும் வராதே" என்றாள் அம்மா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு குடும்பமாக ஊருக்கு ரயிலில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் எட்டுப் பேர்: அம்மா, சித்தி, அண்ணன், மதினி, அவர்கள் பையன், நான், என் கணவர், எங்கள் மகள். எங்கள் மகன் பரீட்சை முடித்து இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தான் என்பதால் ரயிலில் ஏறியது இந்த எட்டுப் பேர்தான். டிக்கெட்டும் எட்டுக்குத்தான் எடுத்திருந்தோம்.

முதலில் டிக்கெட். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே எடுத்து வைத்துவிடலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான், விமான டிக்கெட்டை அதற்கு முன்பே வாங்கிவிடுகிறோம். அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திருவோணம் எந்த நாள் என்று சொல்ல, வண்டி அதற்கு முந்தின ராத்திரி என்பதால் அதிலிருந்து 61 நாள் பின்னோக்கி எண்ணி காலண்டரில் வட்டம் போட்டேன். காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். எனக்கு அப்போது மதியம் ஒன்றரை. நான் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பக்கம், அண்ணன் சென்னையில் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தோம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முந்தைய வண்டி. பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம் என்று அந்தப் பக்கம் முழுக்கத் திருநாளுக்கு ஊர் திரும்புகிற கூட்டம். நெல்லைக்குப் போகிற வண்டிகளில் அன்றைக்கு இடம் எவ்வளவு வேகமாகத் தீரும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் கீழ் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது கிடைக்கும். அதில் ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் அம்மாவுக்கு மேல் படுக்கை விழுந்தாலும் கேட்க முடியாது. ஆகவே அம்மாவுக்கும் சித்திக்கும் தனியாக ஒரு டிக்கெட், மற்ற ஆறு பேருக்கு இன்னொன்று. ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் ஆறு பேர் என்பதால் எப்படியும் இரண்டு எடுத்துத்தான் ஆக வேண்டும். இரண்டு பேருக்கும் கீழ் படுக்கை கிடைத்தது. ஆனால் அவர்கள் பி-2 பெட்டி, நாங்கள் பி-5.

மூத்த குடிமக்களுக்கு முன்பு கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் திரும்பவில்லை. எங்களுக்கு அந்தப் பணம் பெரிதில்லை. ஆனால் ஓய்வூதியமோ பிள்ளைகள் அனுப்பும் பணமோ வைத்துக் காலம் தள்ளுகிற எத்தனையோ அம்மாக்கள் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சலுகை திரும்ப வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எழும்பூரில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. 1908-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததும் அம்மாவின் நடையிலேயே ஒரு தெம்பு வந்துவிட்டது. கல்யாணமாகி முதன்முதலில் மதராஸில் வந்து இறங்கியது இங்கேதானாம். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். முழங்கால் வலி உள்ளவர்களோடு போகும்போது அந்த ஒரு மணி நேரம் கட்டாயம் வேண்டும். சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த போர்ட்டருக்குப் பூர்வீகம் வள்ளியூர்ப் பக்கம். அம்மா பேசிய இரண்டு வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிட்டார். "ஆச்சிக்கு அம்பையா, பாவநாசமா?" என்று கேட்டார். ரயில் பெட்டியின் படி அம்மாவின் முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. அவர் கீழே நின்று, "பைய ஏறுங்க ஆச்சி, அவசரமே இல்ல, நான் பாத்துக்கிடுதேன்" என்று அம்மாவின் வலது பாதத்தைத் தன் கையால் தாங்கி மேல்படியில் வைத்தார். பேசிய கூலிக்கு மேல் கொடுத்ததை எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. மகள் கொடுத்த சாக்லேட்டை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டி சுத்தமாக இருந்தது. உறையிலிருந்து பிரித்த விரிப்பு இரண்டு, கம்பளி, தலையணை. ஏசி மட்டும் அம்மாவுக்கு அதிகம். காதில் மப்ளரும் காலில் சாக்ஸும் கொண்டு போயிருந்தது நல்லதாயிற்று. கழிவறை நடுராத்திரி வரை நன்றாகவே இருந்தது, விடியற்காலையில் தண்ணீர் தேங்கிவிட்டது. வயதானவர்களை நாலு மணிக்கே ஒருமுறை அழைத்துப் போய்விடுங்கள்.

அம்மாவும் சித்தியும் ராத்திரி முழுக்க வேறு பெட்டியில் தனியாக இருப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. அவர்களுக்கு மேலே நடுப் படுக்கையில் ஒரு கல்லூரிப் பையன். பாளையங்கோட்டைக்குப் போகிறான். காகித நட்சத்திரம் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, கசங்கிவிடக் கூடாதென்று மடியிலேயே வைத்திருந்தான். நான் கேட்பதற்கு முன்பே, "ஆச்சிகூட நீங்க இங்கன இருங்கக்கா, நான் உங்க இடத்துக்குப் போறேன்" என்றான். டிடிஆர் வந்ததும் சொன்னோம். கையிலிருந்த கருவியில் பார்த்துக் குறித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ராத்திரி ஏதும் வேணும்னா அட்டெண்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் நட்சத்திரத்தோடு மூன்று பெட்டி தாண்டி நடந்தான்.

சாப்பாட்டில்தான் ஏமாந்தோம். போனிலேயே ஆர்டர் செய்தால் வழியில் வரும் நிலையத்தில் இருக்கைக்கே கொண்டுவந்து தருகிற வசதி ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு நிறுவனத்தின் செயலியில் நாலு பேருக்குப் பணம் கட்டியிருந்தேன். நிலையம் வந்தது, வண்டி நின்றது, கிளம்பியும் விட்டது. யாரும் வரவில்லை. செயலியில் மட்டும் 'கொடுத்தாயிற்று' என்று வந்தது. பணம் திரும்பி வர 11 நாளும் மூன்று புகாரும் ஆனது. பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, மதினி நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லியை வாழை இலையில் கட்டி எடுத்து வந்திருந்தாள். அதையே எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் உங்களோடு இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு இதை நம்பாதீர்கள். கையில் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

பிறந்தநாளை எப்போது தொடங்குவது என்று மகளுக்கும் அம்மாவுக்கும் ஒரு வழக்கு. ராத்திரி 12 மணிக்கு விருத்தாசலம் பக்கத்தில் எழுப்பி வாழ்த்த வேண்டும் என்பது மகள் கட்சி. "சூரியன் உதிச்சாத்தான் நாளு. அதுவரைக்கும் எனக்கு 74 தான். படு" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கோவில்பட்டியில் விழித்துவிட்டோம். வெளியே இன்னும் இருட்டு. வாஞ்சி மணியாச்சியில் வண்டி மெதுவானபோது சித்தி பிள்ளைகளை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். 1911 ஜூன் 17-ஆம் தேதி, கலெக்டர் ஆஷ் கொடைக்கானலுக்குப் போகிற வழியில் இங்கே முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தபோதுதான் செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார் என்று சொன்னாள். மகள் பேசாமல் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு கிழக்கு வெளுத்தது. தாழையூத்தில் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரிந்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஊர் எல்லை அதுதான். சுருக்குப் பையிலிருந்து விபூதிச் சம்படத்தை எடுத்து, "இப்ப வாங்க" என்றாள். பி-5-இலிருந்து எல்லாரும் வந்துவிட்டார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே ஒருவர் மட்டுமே குனிய இடம். அண்ணன் முதலில் விழுந்தான். வண்டி ஆடிய ஆட்டத்தில் அவன் நெற்றிக்குப் போக வேண்டிய விபூதி மூக்கில் விழுந்தது. அம்மா தன் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி இட்டாள். அவனுக்கு 50 வயது. மதினி, பையன், நான், என் கணவர், மகள் என்று ஒவ்வொருவராகக் குனிந்து எழுந்தோம். சித்தி அக்காவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பையை எடுக்க வந்த அந்தக் கல்லூரிப் பையனும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனையும் கூப்பிட்டுத் தலையில் கை வைத்து, "நல்லாயிருய்யா" என்றாள். அவன் நட்சத்திரத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு குனிந்தான். நெற்றியில் பூசவில்லை, அம்மாவுக்குத் தெரியும். வாழ்த்து மட்டும்.

திருநெல்வேலி சந்திப்பில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. குளித்து உடை மாற்ற நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை சொல்லியிருந்தோம். தரைத்தளத்தில் வேண்டும், அம்மாவால் படி ஏற முடியாது என்று இரண்டு முறை போனில் சொல்லி, எழுதியும் வாங்கியிருந்தேன். போய் நின்றால் மூன்றாம் மாடி, லிஃப்ட் ரிப்பேர். மேலாளரிடம் எழுதிக் கொடுத்ததைக் காட்டினால், "அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க" என்கிறார். அம்மாவை வரவேற்பறை நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டு அடுத்த தெருவில் வேறு இடம் தேடினோம். அங்கே அறை சின்னதுதான், ஆனால் வாசலிலிருந்து கட்டில் வரை ஒரு படி கிடையாது. வெந்நீர் வாளியை அந்த வீட்டம்மாவே கொண்டுவந்து வைத்தார். முன்பணம் முதல் விடுதியிலேயே போனது. பணத்தைவிட, பிறந்தநாளன்று அம்மா அரைமணி நேரம் யாரோ ஒருவரின் வரவேற்பறையில் குளிக்கக்கூட முடியாமல் காத்திருந்ததுதான் எனக்கு ஆறவில்லை. விடுதி பார்க்கிறவர்கள் போட்டோவை நம்பாமல், ஊரில் சொந்தக்காரர் ஒருவரை முந்தின நாளே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

அப்புறம் செங்கோட்டை பாசஞ்சர். பயணத்தின் நல்ல பகுதி இதுதான். டீயும் வடையும் வாங்குகிற காசுக்கு அம்பை வரை டிக்கெட். இந்தப் பாதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லத்துக்குப் போட்டது. மீட்டர் கேஜாக இருந்து 2012-இல் அகல ரயில் ஆனது. அம்மா பாவாடை தாவணியில் கரி வண்டியில் போன பாதை. "கண்ணுல கரித்தூள் விழும், ஆனாலும் ஜன்னலை அடைக்க மாட்டோம்" என்றாள். பேட்டை தாண்டியதும் பச்சை தொடங்கிவிட்டது. பிசானம் நட்டு வேர் பிடித்த பயிர், வயலுக்கு நடுவே கொக்கு, மேற்கே பொதிகை மலையில் மேகம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நிலையம் வர வர, அங்கே கட்டிக்கொடுத்த அத்தை, இங்கே பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவள் என்று அம்மா ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஆளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். விமானத்தில் இது எதுவும் வந்திருக்காது.

கல்லிடைக்குறிச்சியைத் தாண்டியதும் ஆற்றுப் பாலம். தாமிரபரணி நிறைய ஓடியது. அம்மா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைக் கம்பிக்கு இடையில் வைத்துக்கொண்டாள். பாலத்தில் வண்டியின் சத்தம் மாறியது. கீழே படித்துறையில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பாலம் முடியும்வரை அவள் யாரிடமும் பேசவில்லை. எதிர் இருக்கையில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சோம்மா?" என்று கேட்டார். "ஆறு வருசம்" என்றாள் அம்மா.

மாமா வீட்டில் மதியம் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலின் வாசம் தெருமுனைக்கே வந்துவிட்டது. கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், பாயசம். கேக் வெட்டவில்லை, யாருக்கும் அது நினைவுக்கும் வரவில்லை.

சாயங்காலம் வேன் வைத்துப் பாபநாசம் போனோம். உலகம்மை சன்னதிக்கு முன்னால் ஓர் உரல் உண்டு. பெண்கள் விரலி மஞ்சளை அதில் இடித்து அம்மனுக்குக் கொடுப்பார்கள். அம்மா குமரியாக இருந்தபோது இடித்த உரல். உலக்கையைத் தனியாகத் தூக்க முடியவில்லை. மகள் பின்னால் நின்று சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாலு கையும் ஒரே தாளத்துக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. மஞ்சள் உடைந்து பொடியானபோது இரண்டு பேர் முகத்திலும் தூள் ஒட்டியிருந்தது.

திரும்பும்போது நாங்கள் வந்தே பாரத்தில் வந்தோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய வண்டி. காலை ஆறு மணியை ஒட்டி நெல்லையில் கிளம்பினால் மதியம் இரண்டுக்குள் எழும்பூர். நாற்காலி வசதியாக இருக்கிறது, காலை உணவும் சூடாகக் கொடுத்தார்கள். அம்மா மாதிரி காலை நீட்டிப் படுத்தே ஆக வேண்டியவர்களுக்கு எட்டு மணி நேரம் உட்கார்வது கஷ்டம், மற்றவர்களுக்கு நல்ல வண்டி.

அம்மா எங்களோடு வரவில்லை. பொங்கல் முடிந்து வருகிறேன் என்று மாமா வீட்டிலேயே இருந்துவிட்டாள். மதுரை தாண்டும்போது போன் வந்தது. எங்கே வந்திருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, "எனக்குத் திரும்பறதுக்கு டிக்கெட் போட்டுட்டியா? கீழ் படுக்கைதானே? சித்தியையும் அதே டிக்கெட்டுல போடு" என்றாள்.