17 தகட்டு பீலர் கேஜ்: டப்பட் பார்க்க வாங்கலாமா?

மட்டக்களப்பில் உதிரிப்பாகக் கடைக்குப் போய் பீலர் கேஜ் (சிறு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்த மலிவான 17 தகட்டு செட்தான். 0.02 மி.மீ இலிருந்து 0.10 வரை 0.01 கூடிக்கூடிப் போகும் ஒன்பது தகடுகள். அதற்குப் பிறகு 0.15, 0.20, 0.25, 0.30, 0.40, 0.50, 0.75, 1.00. டப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ரொக்கர் கைக்கும் நடுவில் விடும் சிறு இடைவெளி, அளக்க எந்த பைக்குக்கு இது உதவும், எதற்கு உதவாது என்பது இந்த அடுக்கைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அந்த இடைவெளியை ஸ்குரூவால் கூட்டிக் குறைத்து லொக் நட்டால் பூட்டும் பழைய டேர்ட் பைக்குகளுக்கு இது அருமையான சாமான். ஹொண்டா எக்ஸ்ஆர் 250ஆர் இல் இன்லெட் (காற்று உள்ளே வரும்) வால்வுக்கு 0.05, எக்ஸோஸ்ட் (புகை வெளியேறும்) வால்வுக்கு 0.08. இரண்டுக்கும் தனித்தனித் தகடு உண்டு. அடுத்த தகடும் உண்டு, அதுதான் முக்கியம். 0.05 இலேசாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், 0.06 போகவே கூடாது. ஒரு தகட்டின் பிடியை மட்டும் நம்பி விட்டால் ஆளுக்கு ஆள் கைக்கணக்கு மாறும்.

குறை தகட்டின் அகலத்தில் இருக்கிறது. அரை அங்குலத் தகடு டப்பட் மூடியின் ஓட்டைக்குள் நேராக இறங்காது. நுனியிலிருந்து 15 மி.மீ தள்ளி விரலால் மெல்ல வளைத்துக்கொள்ளலாம். அகலத்தைக் குறைக்க வெட்டினால், வெட்டிய ஓரத்தில் எழும்பும் பிசிறை எண்ணெய்க் கல்லில் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தப் பிசிறோடு அளந்தால் 0.05 தகடு 0.05 ஆக இருக்காது.

அளப்பதற்கு எஞ்சின் 35 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நம்மூர் வெயிலில் மத்தியானம் நிழலில் நிற்கும் பைக்குகூட அந்தச் சூட்டைத் தொட்டுவிடலாம். இரவு நிறுத்தி, விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள். கச்சான் வீசும் நாட்களில் வெளியில் வைத்து மூடியைக் கழற்றவே வேண்டாம். முதல் நாளே டாங்கிக்கு அடியைக் கழுவிக் காயவைக்காவிட்டால் நாவலடிக் கடற்கரை மணல் நேரே ரொக்கர் மேல் கொட்டும்.

பிளக்கைக் கழற்றி, எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றி, பிளைவீலில் உள்ள டி குறியை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கவரின் குறிக்கு நேராக்குங்கள். குறி தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பாமல் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி வாருங்கள். ரொக்கர்கள் எல்லாம் சற்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் அது கொம்பிரஷன் (வால்வுகள் எல்லாம் மூடிய நிலை) அல்ல, இன்னொரு முழுச் சுற்று வேண்டும். லொக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே சுற்றி இடைவெளியைக் குறைக்கும். ஸ்குரூவை அசையாமல் பிடித்து இறுக்கிவிட்டு, கட்டாயம் திரும்ப அளக்க வேண்டும். கராஜ்களில் அவசரத்தில் விடுபடுவது இந்தக் கடைசி அளவுதான்.

சரியாக வைத்த பிறகும் டிக் டிக் சத்தம் நிற்கவில்லையா? ஸ்குரூவின் முகத்தைப் பாருங்கள். வால்வு நுனி தேய்த்த சிறு குழி இருந்தால், தட்டையான தகடு குழியின் மேல் பாலம் போலக் கிடக்கும். உண்மையான இடைவெளி அதைவிடக் கூட. ஸ்குரூவை மாற்றாமல் எந்த கேஜாலும் அதைத் தீர்க்க முடியாது. சத்தமில்லாத டப்பட்டைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். தூசி குடிக்கும் எஞ்சினில் வால்வு தான் அமரும் சீற்றுக்குள் இறங்கி, இடைவெளி குறைந்து, சத்தமும் அடங்கிவிடும். வால்வு முழுதாக மூடாததால் சூடு சீற்றுக்குப் போக வழியில்லை. சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுப்பதும் வால்வு எரிவதும் அதனால்தான்.

ஸ்குரூவுக்குப் பதிலாக ஷிம் (இடைவெளியை நிர்ணயிக்கும் சிறு வட்டத் தகடு) வைத்த புதிய பைக்குகளுக்கு இந்த செட்டை வாங்காதீர்கள். ஹொண்டா சிஆர்எப் 250எல் இல் இன்லெட் 0.16, எக்ஸோஸ்ட் 0.27, இரண்டிலும் 0.03 கூடக் குறைய இருக்கலாம். 0.16 க்கு 0.10 உம் 0.06 உம், 0.27 க்கு 0.20 உம் 0.07 உம் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இடையில் நிற்கும் ஒயில் படலமும் தகடுகளின் வளைவும் அளவைக் கெடுக்கும். அங்குல அளவும் சேர்ந்த 32 தகட்டு செட்டில் 0.152, 0.178, 0.254 எல்லாம் ஒற்றைத் தகடாகவே வரும். ஷிம் கணக்கு சுலபம்: பழைய ஷிம்முடன் அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். எக்ஸோஸ்ட் பக்கம் 2.60 ஷிம்மில் 0.20 காட்டினால் 2.53 வரும். 2.55 போட்டால் இடைவெளி 0.25, அளவுக்குள் நிற்கும்.

தகடுகள் துருப்பிடிக்கும் உருக்கு. வாவிக் காற்றில் ஒரு மாரி போதும், 0.02 தகடு புள்ளி விழுந்துவிடும். துடைத்து, ஒயில் பூசி, பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.