ஈக்வினாக்ஸ் 800: இங்கிலாந்து வயல்களில் பழங்காசு தேடும் அனுபவம்

மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்ற மெட்டல் டிடெக்டரை (மண்ணுக்கடியில் உள்ள உலோகத்தை ஒலியால் காட்டும் கருவி) அறுவடை முடிந்த வயல்களில் பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: திரையில் வரும் எண் ஒரு துப்பு மட்டுமே. தோண்டுவதா, நகர்வதா என்று காதுதான் தீர்மானிக்க வேண்டும்.

உலோகத்தின் வகைக்கேற்பத் திரையில் வரும் எண்கள் −9 முதல் 40 வரை போகும். பூஜ்ஜியமும் அதற்குக் கீழே உள்ளவையும் இரும்பு. பெரிய வெள்ளிக்காசு மேல் எண்ணில் கணீரென்று ஒலிக்கும். அதைப் பிடிக்க எந்த மெஷினும் போதும். சிரமமெல்லாம் சன்னமான இடைக்காலப் பென்னி என்ற வெள்ளிக்காசில்தான். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் காலத்துப் பென்னி ஏறத்தாழ 1.4 கிராம் எடைதான். அதற்கு முந்தைய காசுகளில் பல பாதியாகவும் காலாகவும் வெட்டப்பட்டே கிடைக்கும். 1247 முதல் அடித்த காசுகளில் பின்பக்கச் சிலுவையின் கைகள் விளிம்புவரை நீண்டிருக்கும்; சில்லறை வேண்டுமானால் அந்தக் கோட்டோடு வெட்டிக்கொண்டார்கள். 1279-இல் தொடங்கிய புதிய நாணயத் திட்டத்தில் வட்டமான கால் பென்னியும் அரைப் பென்னியும் வந்த பிறகுதான் அந்தத் தேவை ஒழிந்தது. கால் துண்டு காட்டும் எண்ணும் அலுமினியத் தாள் காட்டும் எண்ணும் ஒன்றோடொன்று கலந்துவிடும். குப்பை வேண்டாமென்று கீழ் எண்கள் ஒலிக்காதபடி அடைத்து வைத்தால் இந்தத் துண்டுகளும் சேர்ந்தே மறையும். இரும்பை மட்டும் அடைத்து வையுங்கள். மற்றதைத் தோண்டத்தான் வேண்டும்.

சிக்னல் கிடைத்ததும் அதே இடத்தில் நின்று காயிலை (தண்டின் அடியில் உள்ள, உலோகத்தை உணரும் வட்டத் தகடு) குறுகலாக வீசுங்கள். பிறகு 90 பாகை சுற்றி வந்து மறுபடி வீசுங்கள். தட்டையாகக் கிடக்கும் காசு இரண்டு திசையிலும் ஒரே மாதிரி ஒலிக்கும். துருப்பிடித்த ஆணி ஒரு பக்கம் இனிமையாகக் கீச்சிட்டுவிட்டு மறுபக்கம் உடைந்துபோகும்; பின்பாயின்ட் செய்தால் (பொருள் இருக்கும் சரியான புள்ளியைக் குறித்தால்) மையமும் விலகி நிற்கும். தடித்த, வட்டமான இரும்பு மட்டும் இந்தச் சோதனையையும் ஏமாற்றும். அதைத் தோண்டித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

உழுத வயலில் சிறு காசுக்கு மெஷினில் உள்ள ஃபீல்டு 2 என்ற தேடல் முறை நல்லது. முதலில் நாய்ஸ் கேன்சல் (சுற்றுப்புற மின் இரைச்சலைத் தவிர்ப்பது), அடுத்து சுத்தமான மண்ணில் காயிலை ஏற்றியிறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் தாதுக்களுக்கேற்ப மெஷினைச் சரிசெய்வது). சென்சிடிவிட்டி (உணர்திறன்) 25 வரை உண்டு. 18 முதல் 22-க்குள் வைத்தால் போதும். மின்கம்பிக்கு அடியில் இன்னும் குறைக்க வேண்டும். இரைச்சலில் ஆழமான சிக்னல் காதில் விழாது என்பதால் கூட்டி வைத்துப் பயனில்லை. ஆணி நிறைந்த பழைய குடியிருப்பு நிலத்தில் ரெக்கவரி ஸ்பீடு (ஒரு சிக்னலுக்குப் பின் அடுத்ததைப் பிடிக்க மெஷின் தயாராகும் வேகம்) 6 அல்லது 7. சுத்தமான புல்வெளியில் 4 அல்லது 5.

காயில் தரையை உரசிக்கொண்டே போக வேண்டும். வீச்சின் இரு முனையிலும் கை தானாக மேலே எழும். 5 செ.மீ. எழுந்தால் 5 செ.மீ. ஆழம் போயிற்று. மழை பெய்து ஈரம் இறங்கிய நிலமும், விதைப்புக்காகச் சமன் செய்த நிலமும் அருமையானவை. நகரக் குப்பையிலிருந்து செய்த கம்போஸ்ட் கொட்டிய வயலில் உலோகத் துணுக்கு கோடிக்கணக்கில் கிடக்கும். அங்கே நேரத்தைக் கொட்டாதீர்கள்.

பேட்டரி ஏறத்தாழ 12 மணி நேரம் நிற்கும். 1.34 கிலோதான் எடை என்றாலும் மாலையில் தோள் கடுக்கும். எங்கு வீசினாலும் பொய் சிக்னல் வந்தால் மெஷினைக் குறை சொல்லும் முன் இரண்டைப் பாருங்கள்: காயில் கவருக்குள் மண் சேர்ந்திருக்கும், அல்லது தண்டில் சுற்றிய கேபிள் தளர்ந்து ஆடும்.

புல்வெளியில் தோண்டும்போது புல்தரையை மூன்று பக்கம் மட்டும் வெட்டி, ஒரு பக்கம் வேரோடு விட்டு மடித்துத் திறவுங்கள். காசு இருக்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி வெட்டினால் மண்வெட்டி அதன் மேல் விழாது. மண் ஒட்டிய காசைக் கட்டைவிரலால் தேய்க்கவே கூடாது. மணல்துகள் அரசரின் முகத்தில் அழியாத கோடு போட்டுவிடும். பித்தளைச் செம்பைத் துலக்குவதுபோல் புளி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். ரோமானிய வெண்கலக் காசின் பச்சைப் படலத்தில்தான் எழுத்தே நிற்கிறது. அது போனால் வெறும் தகடு.

நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் காலடி வைக்கக்கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் டிடெக்டருக்கே தடை. 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே 1996-ஆம் ஆண்டு புதையல் சட்டத்தின்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். செம்பு, வெண்கலம் என்றால் பத்துக் காசு. ஒற்றைக் காசையும் இடத்தின் கிரிட் எண்ணோடு (வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் எண்) பதிவுசெய்வது நல்லது.

பானை விளிம்பு தென்பட்டால் கையை எடுத்துவிடுங்கள். 2010-இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் என்ற ஊர் அருகே அப்படி நிறுத்தித் தொல்லியலாளரை அழைத்ததால் 52,503 ரோமானியக் காசுகள் அடுக்கடுக்காக வெளியே எடுக்கப்பட்டன. அவற்றில் கடைசிக் காலத்தைச் சேர்ந்த, பிரிட்டனை ஆண்ட கரௌசியஸ் என்ற ரோமானிய ஆட்சியாளரின் காசுகளில் பெரும்பாலானவை பானையின் பாதிக்குக் கீழே கிடந்தன. சிறுகச் சிறுகச் சேர்த்த உண்டியல் அல்ல, ஒரே முறையில் நிரப்பிப் புதைத்தது என்று அதிலிருந்துதான் தெரிந்தது.