பிளஸ் டூ கைடுகள்: எந்தப் பாடத்துக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

என் மூத்த மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், சின்னவன் காமர்ஸ். அக்கா மகள் பயாலஜி எடுத்து நீட்டுக்கும் சேர்த்துப் படித்தாள். மூவருக்கும் புத்தகம், கைடு எல்லாம் தேடி வாங்கியது நான்தான். இப்போதுள்ள பிளஸ் டூ பாடநூல்கள் 2019-ல் வந்தவை. அன்று முதல் எங்கள் வீட்டில் புழங்குகின்றன. ஜூன் பிறந்ததும் கடைக்காரர் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே கம்பெனி கைடுகளைக் கட்டாகக் கட்டித் தருவார். அந்தக் கட்டை மட்டும் வாங்காதீர்கள். கைடு தேவையா இல்லையா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும்.

கணக்குக்குக் கட்டாயம் வேண்டும். பாடநூலின் பின்பக்கம் பயிற்சிகளுக்கு விடை இருக்கும், வழி இருக்காது. 90 மதிப்பெண் தாளில் 35 மதிப்பெண் ஐந்து மார்க் வினாக்களுக்கு. அங்கே ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு. நான் கடையில் நின்றபடியே கலப்பு எண்கள் பாடத்தைப் பிரித்துப் பார்ப்பேன். −1 − i√3 போன்ற ஓர் எண்ணைத் துருவ வடிவில், அதாவது தூரமும் கோணமுமாக, எழுதச் சொல்லும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கைடு முதலில் மட்டு (அந்தத் தூரம்) 2 என்று காட்டும், பிறகு கிடை அச்சோடு உண்டாகும் கூர்ங்கோணம் α = π/3 என்று எழுதும், புள்ளி மூன்றாம் கால்பகுதியில் விழுகிறது என்று ஒரு வரி சொல்லும், அதனால் வேண்டிய கோணம் θ = α − π, அதாவது −2π/3 என்று முடிக்கும். மோசமான கைடில் மட்டுக்கு அடுத்த வரியே −2π/3 என்று நிற்கும். அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குப் புரியாது, மனப்பாடம் செய்துவிட்டுப் போகும். கணக்குக் கைடை எடைபோட எனக்கு இந்த ஒரு பக்கம் போதும்.

இயற்பியலில் சூத்திர வருவிப்புகள் பாடநூலிலேயே முழுசாக இருக்கின்றன. பயிற்சிக் கணக்குகளின் தீர்வுக்காக வேண்டுமானால் ஒரு கைடு வைத்துக்கொள்ளலாம். வேதியியலுக்கும் இதே கதைதான்.

உயிரியலுக்கு நான் கைடு வாங்கித் தரவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். பாடநூலில் வண்ணத்தில் பாகம் பாகமாகத் தெரியும் படம், நான் புரட்டிய கைடுகளில் கறுப்பு மையில் கலங்கிப்போய் இருந்தது. பத்து வரி விளக்கத்தை மூன்று பாயிண்டாகச் சுருக்கிவிடுகிறார்கள். ஒரு மார்க் கேள்வியோ அந்தப் பத்து வரிக்கு நடுவிலிருந்துதான் வரும். நீட் எழுதுபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 720-ல் 360 மதிப்பெண் உயிரியலுக்குத்தான், அதற்கு மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடநூலை வரி வரியாகப் படிக்க வேண்டும். பழைய புத்தகக் கடையில் என்சிஇஆர்டி வாங்கினால் பதிப்பைப் பாருங்கள். 2022-ல் பல பாடங்களை எடுத்துவிட்டார்கள். நீட் பாடத்திட்டத்தையும் 2024 தேர்வுக்கு மாற்றினார்கள். செரித்தலும் உட்கிரகித்தலும் போன்ற பாடம் பழைய பதிப்பில் இருக்கும், நீட்டுக்கு வேண்டாம். ஆனால் நம் மாநில பிளஸ் ஒன் விலங்கியலில் அது உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கப் பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்து மேசைக்கு மேல் ஒட்டி வைத்தோம்.

கணக்குப்பதிவியலில் சின்னவனுக்குக் கைடு உதவியது, ஆனால் அச்சமைப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். கூட்டாளி சேர்ப்புக் கணக்கில் மறுமதிப்பீட்டுக் கணக்கின் லாபம் பழைய கூட்டாளிகளின் முதல் (மூலதனக்) கணக்குக்குப் போகும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் கண்ணால் தொடரலாம். பற்றுப் பக்கம் ஒரு தாளிலும் வரவுப் பக்கம் அடுத்த தாளிலும் உடைந்து கிடந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம், கைடைப் பார்த்தே பழகும் பிள்ளைக்குக் கோடு போட வராது. ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு மூடி வைத்து, நோட்டில் தானே கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

தமிழுக்குச் செய்யுள் பகுதிக்காக ஓர் உரைநூல் இருந்தால் நல்லது. பாடநூல் தொலைந்துபோனால் பதற வேண்டாம், பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது. டிசம்பருக்குமேல் புதுசாகக் கைடு எதுவும் வாங்க மாட்டேன். அந்தக் காசுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிடும் மாதிரி வினாத்தாள் புத்தகத்தை வாங்கி, கடிகாரத்தை வைத்து எழுதச் சொல்வேன்.