யாஷிகா எஃப்எக்ஸ்-3-க்கு ஆட்டுத்தோல் போட்ட அனுபவம்

"மேல்தோல் உதிருது, என்ன பண்ணலாம்?" என்று நண்பர் ஒருவர் தன் யாஷிகா எஃப்எக்ஸ்-3 ஃபிலிம் கேமராவைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டிருந்தார். என்னிடம் இருப்பதும் அதே மாடல்தான். 2021-ல் வீட்டிலேயே ஆட்டுத்தோல் வெட்டி ஒட்டினேன். அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல உட்கார்ந்தேன், முடியவில்லை. கேமராவைப் பற்றிப் பெரிதாகச் சொல்லப் போவதில்லை. 1979-ல் யாஷிகாவுக்காகக் கொசினா என்ற ஜப்பான் கம்பெனி செய்துகொடுத்தது, பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும், கான்டாக்ஸ் லென்ஸும் மாட்டலாம் என்பதெல்லாம் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்.

இந்தக் கேமராவுக்கு ஒரு சாபக்கேடு உண்டென்றால் அது மேல்தோல்தான். ஒரிஜினல் தோலே அல்ல, மெல்லிய ரெக்ஸின். முதலில் சுருங்கும். ஓரத்தில் பழைய பசை ஒரு கோடாக எட்டிப் பார்க்கும். அப்புறம் விறைத்துப்போய், விரல் பட்ட இடமெல்லாம் கரித்தூளாக உதிரும். வ்யூஃபைண்டரில் கண் வைத்து எடுத்தால் கன்னத்தில் கறுப்பு. அதே குடும்பத்து கான்டாக்ஸ் 139-லும் இதே கதை. உள்ளே இருக்கிற இயந்திரம் நாற்பது வருஷம் தாண்டியும் 1/1000 நொடி ஷட்டர் வேகம் வரை ஒழுங்காக ஓடுகிறது. வெளியே ஒட்டிய ஒரு மெல்லிய தாள் அதைக் குப்பை மாதிரி காட்டுகிறது. நல்ல கேமராக்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், பார்க்கவே மனசு கேட்காது.

நான் தோலை மாற்ற இறங்கியதற்குக் காரணம் ஒரு சர்வீஸ். ஷட்டர் கொஞ்சம் தயங்குகிறதே என்று கொடுத்தேன். ஷட்டர் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள், அதில் குறையே சொல்ல மாட்டேன். வேகங்கள் எல்லாம் சரியாக வந்தன, உள்ளே வெளிச்சம் புகாமல் அடைக்கிற, பிசுபிசுத்துப்போன ஃபோமையும் மாற்றியிருந்தார்கள். ஆனால் உதிர்ந்துகொண்டிருந்த முன்பக்கத் துண்டுகளைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சூப்பர் க்ளூ காயும்போது கிளம்புகிற ஆவி பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும். லென்ஸ் மாட்டுகிற வளையமான மவுன்ட்டைச் சுற்றி அப்படித்தான் படிந்திருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், நிறைய கேமராக்களில் முன்பக்கத்தைக் கழற்றும் திருகுகள் மேல்தோலுக்கு அடியில்தான் இருக்கும். கல் மாதிரி இறுகும் பசையைப் போட்டால் அடுத்த முறை திறப்பவர் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்களே இதைச் செய்தால் என்ன சொல்வது?

மரக் குச்சியும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வைத்துப் பொறுமையாகச் சுரண்டித்தான் எடுத்தேன். அசிட்டோன் சீக்கிரம் கரைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். க்ளூவோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

தோலுக்குத் தாராவி. மும்பையில் இருந்துகொண்டு வேறெங்கே போவது? அங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கியதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள்தான். பாந்த்ராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971-ல் தேவ்நாருக்குப் போன பிறகு பதனிடுவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. ஆனாலும் பதனிட்டு வந்த தோலை விற்கும் கடைகளும் பை, பெல்ட் தைக்கும் பட்டறைகளும் இன்றும் இருக்கின்றன. சயான் – பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாகக் கடைகள். அதற்குப் பின்னால் உள்ள சந்துகளில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

நான் போன கடை அண்ணாச்சியிடம் கேமராவைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செம்மறி வேண்டாம் தம்பி, ஒட்டும்போது இழுபட்டுரும். வெள்ளாடு எடுங்க. மணி அப்படியே நிக்கும் பாத்துக்கிடுங்க." மணி என்று அவர் சொன்னது தோலின் மேல் இருக்கும் சொரசொரப்பான சின்னப் புடைப்புகளை.

அடுக்கிலிருந்து கறுப்புத் தோல் ஒன்றை உருவி, ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்து, "ஆறு, ஆறரை இருக்கும்" என்றார். கனம் பார்க்கிற கருவியை வைத்துப் பார்த்தால் 0.65 மில்லிமீட்டர். அந்த விரல்களின் மேல் எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல.

இந்த வேலையில் நிறமோ வாசமோ முக்கியமில்லை, கனம்தான் முக்கியம். மேல்தோல் உட்கார உடம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. 0.6-லிருந்து 0.8 மில்லிமீட்டர் வரை அதில் சரியாக அடங்கும். பைக்குப் போடுகிற ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தோலைப் போட்டால் விளிம்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கும், செல்ஃப் டைமர் லீவர் உரசும், பின்கதவு ஓரம் பையில் மாட்டும். கனமான தோல்தான் கிடைத்தது என்றால் பட்டறையில் கொடுத்து மெஷினில் சீவி வாங்கிக்கொள்ளலாம்.

ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோலும் அந்தக் கடையில் இருந்தது. அது நம் ஊர்ப் பெருமை. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்ற பெயரில் தமிழ்நாட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. வாசனைக்காகவே வாங்கலாம் போலிருந்தது. ஆனால் அந்தத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய ஊர்தானே நம்முடையது. அதோடு பூஞ்சை பிடிப்பதும், குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலைவிட அதில் அதிகம். வியர்க்கிற கை, மும்பை ஈரம், உள்ளே திருகுகள் என்று எல்லாம் யோசித்துக் குரோம் தோலையே எடுத்தேன். ஒரு முழுத் தோலைத் தலையில் கட்டாமல், மிச்சத் துண்டாகவே பார்த்துக் கொடுத்தார். பசை, டேப், பிளேடு எல்லாம் சேர்த்தும் செலவு ஐந்நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

வெட்டுகிற வேலை பயந்த அளவு இல்லை. பழைய தோல் தூளாகிவிட்டதால் அதை அளவுக்கு வைத்துக்கொள்ள முடியாது. பள்ளத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, விளிம்பு நெடுக நகத்தால் அழுத்திப் பென்சிலால் தேய்த்தால் வடிவம் அப்படியே பதியும். அதை உரித்து அட்டையில் ஒட்டி வெட்டினால் அளவு கிடைத்துவிடும். அந்த அட்டையைக் கேமராவில் வைத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டு, அப்புறம்தான் தோலில் கை வைக்க வேண்டும். தோலின் பின்பக்கம் வரைவதாக இருந்தால் அட்டையைக் குப்புறப் போட வேண்டும், இல்லாவிட்டால் வலது இடதாகிவிடும். சர்ஜிக்கல் பிளேடு 11-ம் நம்பர் போதும். மவுன்ட்டைச் சுற்றி வரும் வளைவை ஒரே இழுப்பில் வெட்டாமல், அழுத்தாமல் இரண்டு மூன்று தடவை ஓட்டினால் சுத்தமாக வரும்.

வெட்டிய பிறகு ஒரு விஷயம் கண்ணில் படும். குரோம் தோல் மேலே கறுப்பாக இருந்தாலும் உள்ளே சாம்பல் கலந்த நீலம். வெட்டிய விளிம்பு நெடுக வேட்டிக் கரை போல அந்த நிறம் ஓடும். கறுப்பு மார்க்கரால் ஓரத்தை மட்டும் பூசினால் மறைந்துவிடும், ஆனால் ஒட்டுவதற்கு முன்பே பூசிவிட வேண்டும்.

பசை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். செருப்புக் கடைக்காரர்கள் சொல்யூஷன் என்று சொல்கிற ரப்பர் பசை, அதாவது ஃபெவிகால் எஸ்.ஆர். 998 வகை, இரண்டு பக்கமும் தடவிச் சற்றுக் காயவிட்டு அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வைத்த இடத்தில் வைத்ததுதான், நகர்த்தித் திருத்த முடியாது. நான் மெல்லிய இரட்டைப் பக்க டேப்பையே போட்டேன். நாளைக்கு யாராவது இந்தக் கேமராவைத் திறக்க வேண்டும் என்றால் ஓரத்தை நெம்பினால் போதும், தோல் முழுசாக வந்துவிட வேண்டும். எனக்குச் செய்ததை நான் இன்னொரு மெக்கானிக்குக்குச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை.

கையில் எடுத்த சுகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எஃப்எக்ஸ்-3-க்குக் கைப்பிடி மேடு எதுவும் கிடையாது, முன்பக்கம் சப்பை. மே மாதப் பிற்பகலில் பழைய ரெக்ஸின் வியர்வையில் வழுக்கும், கழுத்துப் பட்டையை நம்பித்தான் பிடிக்க வேண்டும். வெள்ளாட்டுத் தோலின் மணி விரலைப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் கையின் சூடு அதில் ஏறிவிடும். நாள் ஆக ஆக வலது நடுவிரல் படுகிற இடம் மட்டும் மழமழவென்று பளபளத்து, கேமராவைப் பார்க்காமலே எங்கே பிடிக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒற்றைக் கையில் பிடித்து 1/30-ல் எடுத்த படங்கள் முன்பைவிட ஆடாமல் வருகின்றன. கேமராவில் வேறெதுவும் மாறவில்லை, அதனால் இதைத் தோலின் கணக்கில்தான் எழுதுவேன். கோடையிலும் குளிர்காலத்திலும் இதைவிட நல்ல வேலை என் கேமராவுக்கு நான் செய்ததே இல்லை.

ஆனால் மழை.

ஜூன் நடுவில் தொடங்கினால் செப்டம்பர் முடியும்வரை இந்தக் கேமரா எனக்கு ஒரு நோயாளி. ஜூலையில் மும்பைக் காற்றில் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 70 தாண்டினாலே தோலில் பூஞ்சை கிளம்பலாம். சில நாள் வெளியில் மறந்து வைத்தால் மணிகளுக்கு நடுவில் உள்ள குழிகளில் வெள்ளைப் பொடி படியும். துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போய்விடும், திரும்பவும் வரும். தோலோடு போனால் பரவாயில்லை. இரண்டு விரல் தள்ளி லென்ஸ் இருக்கிறது. லென்ஸைத் தோல் உறையில் போட்டு வைக்காதே என்று பழைய போட்டோகிராபர்கள் சொல்வது இதற்காகத்தான். கண்ணாடியில் பூஞ்சை வேர்விட்டால் கோட்டிங்கையே தின்றுவிடும். என் யாஷிகா எம்.எல். 50 மி.மீ. லென்ஸின் பின்கண்ணாடி ஓரத்தில் போன வருஷம் நூல் மாதிரி ஒன்று தெரிந்தது. நியாயமாகச் சொன்னால், மும்பையில் தோல் இல்லாத கேமராவிலும் லென்ஸ் பூஞ்சை வரும். இது தோலால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து மழைக்காலத்தில் நிம்மதி போய்விட்டது.

சரி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் தீர்ந்தது என்பார்கள். வைக்கிறேன், ஈரமானியும் உள்ளே இருக்கிறது. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் லென்ஸுக்கு நல்லது. தோலுக்குத்தான் பிரச்சினை. வெளியே எடுத்தால் ஈரம் குடித்து உப்பும், டப்பாவுக்குள் போனால் காய்ந்து சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரிய துண்டுகள் தாங்கிக்கொள்கின்றன. தாங்காதது ஒரே ஒரு இடம். செல்ஃப் டைமர் லீவருக்கும் மவுன்ட்டுக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நாக்கு மாதிரி தோல் வருகிறது. அதன் நுனி ஒவ்வொரு மழைக்கும் தூக்கிக்கொள்கிறது. அழுத்தினால் உட்காரும், ஒரு வாரத்தில் மறுபடி எழும். அடுத்த மெக்கானிக்கை நினைத்து நான் போட்ட டேப் அந்த நுனியைப் பிடித்து நிறுத்தவில்லை. ஊசி முனையில் சொல்யூஷன் தொட்டு வைத்தேன், அந்த வருஷம் தாங்கியது, அடுத்த மழையில் தோல் விலகி டேப் மட்டும் நின்றது. ஃபோகஸ் திருப்பும்போதெல்லாம் விரல் நுனியில் அது தட்டுப்படும். எடுக்கிற படத்தைவிட்டு மனசு அங்கே போய்விடும். முழு கேமராவிலும் ஒரு அரிசி அளவு இடம்தான், ஆனால் மற்ற எல்லாச் சுகத்தையும் அது கெடுத்துவிடுகிறது.

ஆகவே நண்பருக்குப் பதில்: உங்கள் கேமராவுக்குத் தோல் வேண்டாம், ரெக்ஸின் போடுங்கள். மாடலுக்கேற்ப வெட்டி, பின்னால் பசையோடு ஜப்பானிலிருந்து அனுப்பும் துண்டுகள் கிடைக்கின்றன. அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் மெல்லிய ரெக்ஸினை மேலே சொன்னபடி நீங்களே வெட்டலாம். கனம் 0.8-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரெக்ஸின் மாதிரி வருஷங்கள் போனால் அதுவும் உதிரலாம், ஆனால் மழைக்கு மழை ஈரத்துக்கு அசையாது, டப்பாவிலும் சுருங்காது. அது கையைப் பிடிக்காது, சூடு ஏறாது, பளபளக்காது, அதெல்லாம் உண்மைதான். என் கேமராவிலிருந்து தோலை உரிப்பீர்களா என்றால் மாட்டேன். இதே கேள்வியை டிசம்பரில் கேட்டிருந்தால் தாராவிக்குப் போங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இது ஜூலை, அந்த நுனி இன்று காலையில் மறுபடி எழுந்துவிட்டது.