இறுக்கமான சைக்கிள் டயர்: கையா, லிவரா, ஜாக்கா?

பாலாற்றங்கரைப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. அந்த முள்ளுக்குப் பயந்துதான் பலர் உள்ளே தடித்த பட்டை வைத்த டயருக்கு மாறுகிறார்கள். பஞ்சர் குறைகிறது, சரி. ஆனால் அந்த விறைப்பான டயரை ரிம்மில் ஏற்றுவது பெரும்பாடு. அதுவும் ட்யூப்லெஸ் டயருக்கும் ஏற்றபடி செய்த புது ரிம் என்றால் கட்டைவிரல் கன்றிப்போகும். கையாலேயே போடலாம் என்கிறார் ஒருவர், நெம்பி ஏற்ற இரும்பு லிவர் இல்லாமல் ஆகாது என்கிறார் இன்னொருவர், அதற்கென்றே ஒரு ஜாக் இருக்கிறது என்கிறார் மூன்றாமவர்.

எதைக் கையில் எடுப்பதற்கு முன்னும் ரிம்மின் நடுப்பள்ளத்தை, அதாவது ட்யூப் உட்காரும் பக்கத்தில் நடுவே சுற்றிலும் ஓடும் பள்ளத்தை, பாருங்கள். டயரின் ஓரத்தில் ஓடும் கம்பி, அது எஃகாக இருந்தாலும் மடிக்கக்கூடிய டயரில் வரும் அராமிட் இழையாக இருந்தாலும், இழுத்தால் நீளாது. அது ரிம்மின் விளிம்பைத் தாண்ட வேண்டுமானால் வேறு எங்கிருந்தாவது தளர்வு கிடைக்க வேண்டும். அந்தத் தளர்வைத் தருவது நடுப்பள்ளம் ஒன்றுதான். பள்ளம் 3 மில்லிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். கம்பி சுற்றிலும் அதற்குள் இறங்கினால் சுற்றளவில் 19 மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்வு கிடைக்கும். ஸ்போக் துளைகளை மூட அந்தப் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரிம் டேப்பை ஒட்டினால் அதில் 6 மில்லிமீட்டர் போய்விடும். தடித்த துணி டேப்பை எடுத்துவிட்டு மெல்லிய டேப் ஒட்டியதுமே வழிக்கு வந்துவிடும் டயர்கள் உண்டு.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு முதலில் கைக்குத்தான். ட்யூப் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று அடித்துக்கொள்ளுங்கள். வால்வுக்கு நேர் எதிரில் தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாக வந்து, வால்வில் முடியுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வால்வின் அடிப்பகுதி தடிப்பாக இருப்பதால் அந்த இடத்தில் கம்பி பள்ளத்துக்குள் இறங்காது. முதலிலேயே அங்கே மாட்டிவிட்டால் கிடைக்கவேண்டிய தளர்வில் ஒரு பங்கு வீண். கடைசியில் ஒரு சாண் அளவுக்கு டயர் ஏறாமல் நிற்கும். அப்போது அந்த இடத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் போய், டயரின் இரு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பள்ளத்துக்குள் தள்ளி, அப்படியே இழுத்துத் தடவிக்கொண்டே வால்வுவரை வாருங்கள். மீதி இடைவெளி கண்ணெதிரே சுருங்கும். அப்புறம் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, விரல் நுனியை விட்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் டயரை உருட்டி ஏற்றுங்கள்.

நம் ஊர் வெயிலும் இதில் ஒத்தாசை செய்யும். சித்திரையில் மொட்டை மாடியில் கால் மணி நேரம் கிடந்த டயர் வளைந்து கொடுக்கும். கம்பி நீளாது என்றாலும் ரப்பரின் விறைப்பு தளர்ந்துவிடுகிறதே, அது போதும்.

வழுக்கலுக்கு எது என்பதிலும் போட்டி உண்டு. சோப்புத் தண்ணீர்தான் நல்லது. கடைசி ஒரு சாணில் மட்டும் தடவினால் போதும், காய்ந்ததும் பிடிப்பு திரும்பிவிடும். பவுடர் ட்யூபுக்கு நல்லது, டயரை ஏற்ற அவ்வளவாக உதவாது. மெஷின் எண்ணெய், கிரீஸ் இரண்டும் ரப்பரைக் கெடுக்கும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

இரும்பு லிவர் பஞ்சர் கடைகளின் ஆயுதம். பழைய 28 அங்குல சைக்கிளின் இரும்பு ரிம்முக்கும் தடித்த ட்யூபுக்கும் அது பொருந்தும், அனுபவப்பட்ட கை லாகவமாகப் போட்டுவிடும். அலுமினிய ரிம்மில் விளிம்பைக் கீறும். கார்பன் ரிம்மில் கூடவே கூடாது. ஆனால் எனக்குப் பெரிய குறை அது இல்லை. லிவரின் நுனி டயருக்குள் போகும்போது ட்யூபும் நுனிக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. நெம்புகிற கைக்கு அது தெரிவதே இல்லை. காற்று அடித்தபின்தான் புது ட்யூபில் கீறல் விழுந்தது தெரியும். ஸ்க்ரூ டிரைவர், ஸ்பூன் பற்றித் தனியே பேச வேண்டாம், இதைவிட மோசம்.

நைலான் லிவர் ரிம்மைக் கெடுக்காது. இருந்தாலும் அது கழற்றுவதற்கான கருவி. மிக இறுக்கமான டயரில் நெம்பினால் வளையும், சில நேரம் முறியும். ட்யூபைக் கடிக்கும் ஆபத்தும் அப்படியே இருக்கிறது. ஏறிய ஓரம் திரும்ப நழுவாமல் இருக்க அதைச் செருகி, கொக்கியை ஸ்போக் கம்பியில் மாட்டி வைக்க அருமையாகப் பயன்படும்.

மூன்றாவது டயர் ஜாக். கூல் ஸ்டாப் நிறுவனத்தின் தயாரிப்பு இதில் பெயர் பெற்றது. இதன் ஒரு முனை ரிம்மின் இந்தப் பக்கத்து விளிம்பில் உட்காரும், கொக்கி அந்தப் பக்கத்து டயர் ஓரத்தைப் பிடிக்கும், கைப்பிடியைத் தூக்கினால் ஓரம் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். டயரை வெளியிலிருந்து இழுப்பதால் ட்யூபுக்கு அடியில் எதுவும் நுழைவதில்லை. விரலில் வலு குறைந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைத்தான் தயங்காமல் சொல்வேன். சட்டைப்பையில் அடங்காது என்பதே குறை.

எந்த வழியிலும் ஏறவில்லையென்றால் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் அதில் மில்லிமீட்டரில் இருக்கும். 26 அங்குலம் என்று கேட்டு வாங்கியது 559 ஆகவும் இருக்கலாம், 590 ஆகவும் இருக்கலாம். 559 டயர் 590 ரிம்மில் எந்த ஜாக்காலும் ஏறாது.

ஏறிய பிறகு வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளி இழுங்கள். இருபுறமும் டயரை விலக்கிப் பார்த்து, ட்யூப் எங்கும் எட்டிப்பார்க்கவில்லை என்று உறுதியானபின் காற்று அடியுங்கள். டயரின் ஓரத்தை ஒட்டிய மெல்லிய கோடு ரிம்முக்கு மேலே சுற்றிலும் ஒரே அளவில் தெரிய வேண்டும். எங்காவது அமுங்கியிருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள்.

வீட்டில் ஜாக் இருக்கட்டும். வேலூர் அருகே கணியம்பாடி தாண்டி அமிர்திப் பக்கம் போகிற நாளில் பையில் இரண்டு நைலான் லிவர், ஒரு ட்யூப், பம்பு போதும். அந்த டயரை ஒருமுறையாவது வீட்டிலேயே கழற்றி, கையால் மாட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.