முதல் தோட்டாவுக்கு ஒரு காற்றுமானி: கெஸ்ட்ரல் 5700 எலைட், இரண்டு சீசன் கழித்து

மூன்று தோட்டாவை ஒரே ஓட்டையில் போட்ட படத்தைக் காட்டி ‘என் துப்பாக்கி அரை எம்ஓஏ’ (நூறு கஜத்தில் ஏறக்குறைய அரை அங்குல வட்டத்துக்குள் எல்லாத் தோட்டாவும்) என்று பீற்றிக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தன்தான். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பிராங்ஹார்ன் என்கிற மான் மாதிரி விலங்கை வேட்டையாடப் போக ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சு தானாக அடங்கிவிட்டது. ரெண்டு தோட்டா சுட்டுப் பார்த்து ஸ்கோப்பைச் சரிபண்ணிக்கோ என்று எந்த விலங்கும் நின்று கொடுக்காது. ராத்திரி முழுக்க வண்டியில் குளிர்ந்து கிடந்த குழலிலிருந்து காலையில் போகிற முதல் தோட்டா எங்கே விழுகிறது என்பதுதான் கணக்கு. அதற்காகத்தான் எழுநூறு டாலரை ஒட்டிக் கொடுத்து இந்தக் கெஸ்ட்ரல் காற்றுமானியை வாங்கினேன். வீட்டில் சொன்ன விலை வேறு.

பிராங்ஹார்னைத் தூரத்திலிருந்து பார்த்தால் கோடியக்கரை வெளிமான் ஞாபகம் வரும், ஆனால் நெருங்கிய சொந்தம் கிடையாது. மறைவே இல்லாத புதர்க்காட்டில் நிற்கும், ஒரு மைலுக்கு அப்பால் நாம் தலையைத் தூக்கினாலும் பார்த்துவிடும். அதனால்தான் எல்லோருக்கும் அங்கே நீண்ட தூரம் சுட ஆசை வருகிறது. நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் எட்டு அங்குல வட்டம், டிபன் தட்டு அளவு. அதற்கு வெளியே பட்டால் அது காயத்தோடு ஓடி எங்கேயோ போய்ச் சாகும்.

சரி, கருவிக்கு வருவோம். உள்ளங்கைக்குள் அடங்கும், ஒரு ஏஏ பேட்டரி, தலையில் ஒரு குட்டி விசிறி. காற்றின் வேகம், வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் எல்லாவற்றையும் அளந்து, உள்ளேயே இருக்கும் அப்ளைடு பலிஸ்டிக்ஸ் என்கிற தோட்டாப் பாதைக் கணக்கில் போட்டு, ஸ்கோப்பை இத்தனை மில் (கோண அளவு) மேலே திருப்பு, இத்தனை மில் பக்கவாட்டில் பிடி என்று சொல்லிவிடும். இதில் எனக்குப் பெரிய லாபம் அழுத்தம்தான். போன் வானிலை ஆப் காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிப்போட்ட அழுத்தம், பாதரச அளவில் 30 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 6000 அடி உயரத்தில் உண்மையான அழுத்தம் 24 அங்குலம்தான். அந்த 30-ஐக் கணக்கில் போட்டால் நாம் மெரினாவில் நின்று சுடுகிறோம் என்று அது நினைத்துக்கொள்ளும். 500 கஜத்தில் மூன்று நான்கு அங்குலம் அங்கேயே போச்சு. கெஸ்ட்ரல் இருக்கிற இடத்து அழுத்தத்தை நேராக அளப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் சட்டைப் பையிலிருந்து எடுத்த கையோடு காட்டும் வெப்பநிலையை நம்பாதீர்கள், அது உங்கள் உடம்புச் சூடு. கொஞ்ச நேரம் காற்றில் பிடித்துவிட்டுப் பாருங்கள். பேட்டரி மாற்றினால் திசைகாட்டியை மறுபடி பழக்க வேண்டும், அதையும் மறக்காதீர்கள்.

முதல் மாதம் நான் பண்ணின தப்பு: என்னுடையது 6.5 கிரீட்மூர் ரகத் தோட்டா போடும் துப்பாக்கி, குழல் 20 அங்குலம். தோட்டா வேகம் எவ்வளவு என்று கருவி கேட்டதும், தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருந்த நொடிக்கு 2700 அடியை அப்படியே தட்டிவிட்டேன். அது 24 அங்குலக் குழலில் அளந்த எண். குழல் ஓர் அங்குலம் குறைந்தால் இருபது இருபத்தைந்து அடி வேகம் குறையும் என்பது தெரிந்தும், சோம்பல். 500 கஜத்தில் எல்லாம் நாலைந்து அங்குலம் கீழே விழுந்தது. ரெண்டு சனிக்கிழமை ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் சுட்டுப் பழகும் ரேஞ்சில் ஒரு பெரியவர் தோட்டா வேகத்தை அளக்கும் தன் குரோனோகிராப்பைக் கொடுத்தார், பத்து தோட்டா சுட்டோம், சராசரி 2610. அதைப் போட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு வேலையை இப்போதும் செய்கிறேன். ஒரே இலக்குத் தாளை வாரா வாரம் எடுத்துப் போவது. ரேஞ்சுக்குப் போனதும் கைப்பழக்கத்துக்கென்று எதுவும் சுடாமல், முதல் தோட்டாவை மட்டும் அந்தத் தாளில் சுட வேண்டும். பக்கத்தில் பென்சிலால் தேதி, வெப்பநிலை, காற்று. தாளைச் சுருட்டி டிக்கியில் போட்டுவிட்டு மற்றதெல்லாம் வேறு தாளில். பன்னிரண்டு வாரம் கழித்து விரித்தால் பன்னிரண்டு ஓட்டை, அரை எம்ஓஏ பெருமையெல்லாம் காணோம், வட்டம் ஒன்றேகால் எம்ஓஏவுக்கு விரிந்து கிடந்தது. அதில் இரண்டு மட்டும் தனியாக மேலே. தேதியைப் பார்த்தால் இரண்டும் முந்தின இரவு குழலைத் துடைத்து எண்ணெய் போட்ட நாட்கள். இப்போது சீசனுக்கு முன்னால் சுத்தம் பண்ணினால் நாலைந்து தோட்டா சுட்டு அழுக்காக்கிவிட்டுத்தான் கிளம்புகிறேன். மீதி விரிவுக்குக் குழல் காரணமில்லை, காபி குடித்துவிட்டு அவசரத்தில் ட்ரிகரைப் பிடுங்கிய நான்தான்.

இந்தக் கருவியால் முடியாத ஒன்று, தூரத்துக் காற்று. அது அளப்பது நம் மூக்குக்கு முன்னால் இருக்கிற காற்றை மட்டும். போன அக்டோபரில் 480 கஜத்தில் ஒரு கிடா நின்றது. கெஸ்ட்ரல் காற்று மணிக்கு ஆறு மைல் என்றது, மில் கணக்கும் தயார். ஸ்கோப்பில் பார்த்தால் நடுவே ஒரு ஓடைப்பள்ளம், அந்தப் பக்கத்துப் புல் தரையோடு படுத்துக் கிடந்தது. அங்கே பதினைந்தா, இருபதா, யார் கண்டது? அந்தத் தூரத்தில் பத்து மைல் குறுக்குக் காற்று தோட்டாவை ஏறக்குறைய ஓர் அடி தள்ளும், நமக்கு இருக்கிற இடமோ நடுவிலிருந்து நாலு அங்குலம். நான் சுடவில்லை. பள்ளத்துக்குள் இறங்கி, முழங்காலில் கள்ளி முள் ஏற ஒரு மணி நேரம் தவழ்ந்து, 230 கஜத்தில் சுட்டேன். அங்கே அதே காற்றுக்கு மூன்று அங்குலம்கூட வராது. ஒரே தோட்டா. கறி அன்று ராத்திரியே மிளகு தட்டிப் போட்டு வறுவல்.

யாருக்கு வேண்டும் என்று கேட்டால், 300 கஜத்துக்குள் சுடுகிறவர்களுக்கு இது தண்டச்செலவு. 200 கஜத்தில் குறிவைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பை ஜீரோ பண்ணிவிட்டு 300-ல் எவ்வளவு இறங்கும் என்பதை மனப்பாடம் பண்ணினால் போதும், மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பழகலாம். 400-க்கு மேல் போகிறவர்கள், அதுவும் ஊருக்கு ஊர் உயரம் மாறுகிற மலை மாநிலங்களில் சுற்றுகிறவர்கள், வாங்கலாம். எச்1பி விசாவில் இருக்கிற நம் ஆட்கள் கருவிக்கு முன்னால் சட்டத்தைப் பாருங்கள்: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு ஏதாவது இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம்.

பழசாக வாங்கினால் விசிறியை ஊதிப் பாருங்கள், உரசாமல் சுற்ற வேண்டும். போய்விட்டாலும் கவலையில்லை, நாமே கழற்றி மாட்டலாம். என்னுடையது விற்பனைக்கு இல்லை, மச்சான் ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டுவிட்டான்.